மூக்குக்குத் தெரியாத வாயு

பிளஸ் ஒன் படிக்கும்வரை என் மூக்கின்மீது எனக்குப் பெரிய மரியாதை இருந்தது.

என் அம்மா லீமாரோஸ் மீன் வாங்கி விற்பவள். விடுமுறை நாளில் ஏலத்துக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். ஒரு சங்கரா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி, "மோந்து பாரு ஜெப்சி" என்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, வேண்டிய அளவுக்குத் தாமதித்து, "நேத்து மீனும்மா" என்று தீர்ப்புச் சொல்வேன். சுற்றி நிற்கும் பெண்கள், "இவ மூக்கு மூக்குடி" என்பார்கள். மனிதரைக் கெடுக்க அவ்வளவு புகழ் போதும்.

எங்கள் வீடு பாம்பனுக்குப் பக்கத்தில், அக்காள்மடத்தில் ஓர் ஐஸ் கம்பெனியின் பின்சுவரை ஒட்டி இருந்தது. என் அப்பா, அவரை நான் அய்யா என்பேன், அங்கேதான் மெஷின் பார்க்கிறார். நான் பிறந்ததும் அந்த மெஷின் சத்தத்தில்தான், படித்ததும் அந்தச் சத்தத்தில்தான். படித்தேன் என்று சொல்வது கொஞ்சம் பொய்.

வேதியியலில் வெப்ப இயக்கவியல் என்று ஒரு பாடம் வந்தது. முத்தழகு டீச்சர் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள்ளே இருப்பது அமைப்பு, வெளியே இருப்பதெல்லாம் சூழல். வெப்பமும் பொருளும் உள்ளே வெளியே போய்வந்தால் திறந்த அமைப்பு. வெப்பம் மட்டும் போய்வந்தால் மூடிய அமைப்பு. எதுவுமே போகாமல் வராமல் இருந்தால் தனித்த அமைப்பு.

"தனித்த அமைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்க" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். அந்த வருஷம் நானாகக் கை தூக்கியது அந்த ஒருமுறைதான். "மீன் பெட்டி டீச்சர். தெர்மாகோல் பெட்டி. ஐஸ் போட்டு மூடிட்டா உள்ளயும் எதுவும் போகாது, வெளியயும் எதுவும் வராது."

"அப்படியா? பெறகு எதுக்கு ஒங்க அம்மா மத்தியானம் மறுபடியும் ஐஸ் வாங்குறாங்க?"

வகுப்பு சிரித்தது. என் பக்கத்தில் இருந்த சூஃபியா மட்டும் சிரிக்காமல், "பெட்டியைத் தொறந்து தொறந்து வித்தா ஐஸ் கரையத்தான டீச்சர் செய்யும்?" என்று எனக்காகப் பேசினாள். சூஃபியா பாம்பன்காரி. அவள் வாப்பா அங்கே வலை, கயிறு விற்கும் கடை வைத்திருந்தார். ஆய்வகத்திலும் நாங்கள் இருவரும் ஒரே மேசை. அவள் செய்வாள், நான் எழுதுவேன். உப்பைச் சூடாக்குவது, கரைப்பது, வரும் வாயுவை முகர்ந்து பார்ப்பது எல்லாம் அவள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் இது நியாயமான வேலைப் பங்கீடு என்று நான் நம்பினேன்.

அரையாண்டில் எழுபதுக்குப் பத்தொன்பது வாங்கினேன். அம்மா அந்தத் தாளை மீன் நிறுக்கிற தராசில் வைக்காத குறையாகப் பார்த்தாள். "பெரிய பரீட்சையிலயும் கெமிஸ்ட்ரி போச்சுன்னா, மண்டபத்துல நண்டு உரிக்கப் போ. நான் சொல்லிட்டேன்" என்றாள். அம்மா சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. மண்டபம் ஊரில் உள்ள நண்டுக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தும் வைத்திருந்தாள். எனக்கு லேப் டெக்னீசியன் ஆக வேண்டும் என்று ஆசை. ஆசைக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் இருந்தது செய்முறைத் தேர்வு ஒன்றுதான். அதில் கிடைக்கும் மதிப்பெண்தான் என்னைக் கரை சேர்க்க வேண்டும்.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னால், திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள், சூஃபியா என் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது தயங்கித் தயங்கி, "ஜெப்சி, தப்பா நெனைக்காதடி. ஒன் நோட்டுல ஒரு வாடை வருது. கொஞ்சம் காத்தாட வையேன்" என்றாள்.

மீன் விற்பவள் மகளிடம் வாடை என்று சொன்னால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு என்று நான் எடுத்துக்கொண்டேன். அவள் முகத்தில் இருந்த தயக்கம் எனக்கு அருவருப்பாகத் தெரிந்தது. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பக்கம் பக்கமாக முகர்ந்து பார்த்தேன். புகழ்பெற்ற என் மூக்குக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. பொய்க்காரி, என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கோவிலில் நெற்றியில் சாம்பல் வாங்கினோம். தவக்காலத்தில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு ஒறுத்தல் செய்ய வேண்டும் என்றார் ஃபாதர். எங்கள் பக்கத்தில் கறியை விடுவார்கள். வருஷம் முழுக்க மீன் தின்கிற வீட்டில் நாற்பது நாள் கறியை விடுவது என்ன தியாகம்? அந்த வருஷம் நான் பெரிதாக ஒன்றை விடத் தீர்மானித்தேன். சூஃபியாவோடு பேசுவதை விட்டேன். கோபத்தைத் தூக்கி ஆண்டவர் கையில் கொடுத்து, இது காணிக்கை என்று சொன்ன பக்தி எனக்கு இருந்தது. அவரும் பாவம், அதை வாங்கிவைத்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

பதினாறு நாள் பேசவில்லை. அவள் இரண்டு முறை கேட்டாள், "என்னடி ஆச்சு?" என்று. நான் தனித்த அமைப்பாக இருந்தேன்.

செய்முறைத் தேர்வு அன்று சட்டைப்பையில் ஜெபமாலையோடு போனேன். ராமநாதபுரத்திலிருந்து ஒரு சார் தேர்வு நடத்த வந்திருந்தார். ஒல்லியான மனிதர், தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். காகிதத்தில் மடித்த வெள்ளை உப்பை ஆளுக்கு ஒரு பொட்டலமாகக் கொடுத்தார். உள்ளே என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். "கொடுத்தது கொடுத்ததுதான். ரெண்டாவது தடவை கேட்டா மார்க்கு போயிரும்" என்றார். என் மேசைக்கு எதிர் மேசை சூஃபியா. கைக்கு எட்டுகிற தூரம்தான், ஆனால் வேறு உப்பு.

ஒவ்வொரு சோதனையாகச் செய்தேன். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஊற்றிச் சூடாக்கும் சோதனை வந்தது. காரநெடியுள்ள வாயு வந்தால் அது அம்மோனியா, உப்பு அம்மோனியம். நன்றாகச் சூடாக்கினேன். சோதனைக் குழாயின் வாயருகே கையால் விசிறி, ஏலக்களத்தில் செய்வதுபோல் கண்ணை மூடி முகர்ந்தேன். ஒன்றுமில்லை. "காரநெடியுள்ள வாயு வெளிவரவில்லை" என்று பேனாவால் அழகாக எழுதினேன். முகர்வதோடு நிறுத்தக் கூடாது, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடித் தண்டைக் குழாயின் வாயில் காட்டிப் பார்க்க வேண்டும் என்று முத்தழகு டீச்சர் நூறு தடவை சொல்லியிருந்தார். அது மூக்கு இல்லாதவர்களுக்கு என்று விட்டுவிட்டேன். இன்னொரு காரணமும் இருந்தது. அந்த அமில பாட்டில் இரண்டு மேசைக்கு ஒன்றுதான். அது சூஃபியா பக்கம் இருந்தது.

பிறகு உப்பில் எந்த உலோகம் இருக்கிறது என்று ஒவ்வொரு தொகுதிச் சோதனையாகப் பார்த்துக்கொண்டே போனேன். முதல் தொகுதி, வீழ்படிவு இல்லை. இரண்டு, இல்லை. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு முறையும் வெறும் வலையை இழுத்தேன். ஒரு மணி நேரம் போய்விட்டது. பொட்டலத்தில் ஒரு சிட்டிகை உப்பு மிச்சம்.

எதிலுமே வீழ்படிவு வராவிட்டால் மிஞ்சுவது அம்மோனியம்தான் என்று புத்தி சொன்னது. இல்லவே இல்லை என்று மூக்கு சொன்னது. நான் மூக்கின் பேச்சைக் கேட்டுப் பழகியவள். அந்தோணியாரே, காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துத் தருகிறவரே, இந்த உப்பு என்ன உப்பு என்று கொஞ்சம் கண்டுபிடித்துக் கொடும் என்று கேட்டேன். கண்ணுக்கு முன்னால் நண்டு ஓடு மலைபோல் குவிந்திருந்தது.

கடைசிச் சிட்டிகையையும் குழாயில் போட்டு, கரைசல் ஊற்றி, மறுபடியும் சூடாக்கினேன். முகர்ந்தேன். ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது எதிரே சூஃபியா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சாராய விளக்கே தேவையில்லை, உப்பு தானாகக் கொதித்திருக்கும். பரீட்சையில் கூடவா? இத்தனை பேர் முன்னால், மீன்காரி மகள் நாறுகிறாள் என்று காட்டுகிறாளா? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிய பக்கம் தேர்வு நடத்தும் சார் வந்துகொண்டிருந்தார். என் மேசைக்கு இரண்டடி தள்ளி நின்றவர் துண்டை எடுத்து மூக்கில் வைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஜன்னலை நல்லாத் தொறந்து விடுங்கப்பா" என்று சொல்லி வேறு பக்கம் போனார்.

சாருக்கு என் அம்மாவைத் தெரியாது.

அந்த ஒரு நொடியில் பல விஷயங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஆய்வகத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு பாட்டிலைத் திறந்தால் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். நான் சுளிக்காமல் நின்று, இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாமே வலிக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அய்யா வேலை முடிந்து எங்காவது போகும்போது பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஐஸ் கம்பெனியில் தண்ணீரைக் குளிரவைப்பது அம்மோனியா. பதினாறு வருஷமாக நான் அதைச் சுவாசித்து வளர்ந்திருக்கிறேன். தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு ஈரம் தெரியாததுபோல என் மூக்குக்கு அந்த ஒரு வாயு மட்டும் தெரியாது.

குழாய் இன்னும் சூடாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாயு போய்விடும். அமில பாட்டில் வேண்டும். வேண்டுமென்றால் சூஃபியாவிடம் கேட்க வேண்டும். கேட்டால் பதினாறு நாள் ஒறுத்தல் போய்விடும். இதைத்தான் யோசித்தேன், சத்தியமாக! நண்டு ஓட்டு மலைக்கு முன்னால் நின்றுகொண்டு, என் கோபத்தின் புண்ணியக் கணக்கு கெட்டுவிடுமே என்று யோசித்தேன்.

அதற்குள் கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது. சூஃபியா என் பக்கம் பார்க்காமலே, அந்த பாட்டிலையும் அதன்மேல் ஒரு கண்ணாடித் தண்டையும் தன் மேசை ஓரத்துக்கு நகர்த்தி, என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்டை அமிலத்தில் தோய்த்துக் குழாயின் வாயில் காட்டினேன். வெள்ளைப் புகை, கோவிலில் சாம்பிராணி போட்டதுபோல் அடர்ந்து எழுந்தது.

எழுத உட்கார்ந்தபோது இன்னொரு சோதனை. "காரநெடியுள்ள வாயு" என்பது எல்லாருக்கும் மனப்பாடமான வரி. எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் எனக்கு நெடி வரவில்லையே. அதுவரை சொன்ன பொய்கள் போதும் என்று பட்டது. முதலில் எழுதியதை அடித்துவிட்டு, "எனக்கு வாடை தெரியவில்லை. அமிலத் தண்டில் அடர்ந்த வெண்புகை வந்தது. அம்மோனியம்" என்று எழுதினேன்.

சார் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா இது? எனக்கு இன்னும் கண்ணு எரியுது. ஒனக்கு வாடை தெரியலையா? சளியா?"

"இல்ல சார். எங்க வீடு ஐஸ் கம்பெனிக்குப் பின்னாடி இருக்கு சார்."

அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "சரி, அப்ப ஒனக்குத் தெரிஞ்ச கேள்வியாவே கேக்குறேன். அம்மோனியாவை வச்சு எப்படி ஐஸ் பண்றாங்க? வெப்பம் எங்கேருந்து எங்க போகுது? அமைப்பு எது, சூழல் எது?"

எனக்காகவே செய்த கேள்வி. நானோ, "அது எங்க அய்யாவுக்குத்தான் சார் தெரியும்" என்றேன்.

"அப்ப அந்த மார்க்கை ஒங்க அய்யாவுக்குப் போட்டுக்கிறேன்" என்று அந்தக் கேள்விக்கான இரண்டு மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டார்.

வெளியே குழாயடியில் சூஃபியா கை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"சூஃபியா, என் நோட்டுல என்ன வாடைடி வந்துச்சு? மீன் வாடையா?"

"மீன் வாடை எனக்கென்ன புதுசாடி? எங்க வீட்டுல கேட்டா, அது வாடையான்னு கேப்பாங்க. இது வேற. மோந்தா கண்ணு எரிஞ்சுச்சு. நீ இதுல எப்பிடிப் படிக்கிறன்னு பாவமா இருந்துச்சு. அதான் சொன்னேன். அதுக்கா பேசாம இருந்த?"

"தவக்காலம்டி. ஏதாச்சும் ஒண்ண விடணும். எல்லாரும் கறிய விட்டாங்க…"

"நீ என்னய விட்டியா? நான் என்ன ஆட்டுக்கறியாடி?"

சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிவிட்டது. அவள் துப்பட்டா நுனியை நீட்டினாள். வாங்கித் துடைத்துக்கொண்டு, "மூக்கைப் பொத்திக்கிட்டு எனக்கு ஜாடை காட்டுனியாடி?" என்று கேட்டேன்.

"ஜாடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தாங்க முடியல. ஆனா பாட்டிலைத் தெரிஞ்சேதான் நகத்துனேன். நீ அதையே எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்த. கேக்க மாட்டன்னும் தெரியும்."

ஆண்டவர் எனக்கு ஒரு மூக்கைக் கொடுத்தார். அதில் ஒரு குறையையும் வைத்தார். அந்தக் குறையைச் சரிக்கட்ட இன்னொரு மூக்கை எதிர் மேசையில் உட்கார வைத்திருந்தார். அவர் அவ்வளவு ஏற்பாடு செய்திருக்க, நான் அதற்கு எதிராக நோன்பிருந்தேன்.

முடிவு வந்தபோது வேதியியலில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு. நண்டு தப்பித்தது.

செய்முறைத் தேர்வு முடிந்த அன்று சாயங்காலம், நோட்டுகளையெல்லாம் எடுத்து மொட்டைமாடி வெயிலில் கருவாடு காயப்போடுவதுபோல் வரிசையாகப் பரப்பினேன். வேலை முடிந்து வந்த அய்யா படியேறி வந்து பார்த்தார்.

"என்னம்மா, நோட்டு நனைஞ்சு போச்சா?"

"இல்லய்யா. வாடை போறதுக்கு. அய்யா, ஒங்களுக்கு இங்கன ஏதாச்சும் வாடை அடிக்குதா?"

அய்யா கம்பெனிச் சுவரைப் பார்த்து நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அம்மாவும் மேலே வந்து, என்ன ஏது என்று கேட்காமலே அவள் பங்குக்கு மூக்கை உறிஞ்சினாள். நானும் இழுத்துப் பார்த்தேன்.

"ஒண்ணும் அடிக்கலையே" என்றார் அய்யா. "நல்ல காத்துல்ல வருது."