பினாங்குக்குப் போன படம்

போட்டோ பிடித்தால் உள்ளது உள்ளபடி வந்து தொலைக்கும் என்றுதான் நெசவாளி அர்த்தநாரி, திருச்செங்கோட்டுக்கு நாடகப் படுதா எழுத வந்திருந்த ஓவியர் வீரபாகுவை வீட்டுக்குக் கூட்டி வந்தார். அது முப்பத்தாறாம் வருஷம். பினாங்கில் கைலிக் கடை வைத்திருக்கும் மருதாசலம், கல்யாணத்துக்குப் பெண்ணின் படம் கேட்டு எழுதியிருந்தான். மகள் பெரியநாயகிக்கோ எட்டு வயதில் அம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு.

"தழும்பு வேண்டாமுங்க. ஆயிரம் பொய் சொல்லியாச்சும் ஒரு கல்யாணத்தைப் பண்ணச் சொல்லியிருக்காங்க" என்றார் அர்த்தநாரி.

வீரபாகுவுக்கு அதில் சிரமமே இல்லை. எவளை வரைந்தாலும் மகாலட்சுமியாகவே வரும் கை அது. இரண்டே நாளில் பினாங்கே மயங்கும் ஒரு முகம் வந்துவிட்டது. நகைக்குப் பொன்வர்ணம் பூசுவதுதான் பாக்கி. பெரியநாயகிக்கு அது பிடிக்கவில்லை. இந்த முகத்தை நம்பிக் கடல் தாண்டி வருகிறவன், தன்னைப் பார்த்துத் திரும்பிப் போனால் அவமானம். போகாமல் தாலி கட்டினால் அதைவிட மோசம், காலமெல்லாம் குத்திக் காட்டுவான்.

மூன்றாம் நாள் வீரபாகு சாப்பிடப் போன நேரத்தில், அவளே தூரிகையை எடுத்து, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துக் கன்னத்திலும் நெற்றியிலும் புள்ளி வைத்தாள். தூரிகை பிடித்துப் பழக்கமில்லாததால் மகாலட்சுமி முகத்தில் மிளகைக் கொட்டியது போல ஆயிற்று.

அர்த்தநாரி மகளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "குடியைக் கெடுத்துட்டயே சாமி."

"பொய் சொல்றது உங்களுக்கு ஒரு நாளுங்கப்பா. அதோட குடித்தனம் பண்றது எனக்கு ஆயுசு முச்சூடும்."

வீரபாகு படத்தைப் பார்த்தார். பிறகு, வந்த மூன்று நாளில் முதல்முறையாக, அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். அவருக்கே வெட்கமாகப் போயிற்று. "நெத்தியில ரெண்டுதான் இருக்குது அம்மிணி. நீ அஞ்சு வெச்சிருக்கறே" என்று சொல்லி, புதிதாக ஒரு துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார்.

இந்த முறை வந்தது பெரியநாயகிதான். தழும்பும் வந்தது, அவளுடைய அடங்காத பார்வையும் வந்தது. அர்த்தநாரி மனசே இல்லாமல் அதைக் கப்பலில் அனுப்பினார்.

அதன்பிறகு மூன்று மாதம், தபால்காரரைக் கண்டாலே அவள் வாசலுக்கு ஓடினாள். ஒரு வழியாகக் கடிதம் வந்தது. அர்த்தநாரி உரக்கப் படித்தார். தழும்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. வைகாசியில் கப்பலேறலாம் என்று இருப்பதாக எழுதி, கீழே ஒரு வரி: 'படத்தில் பெண் சிரிக்கவில்லை. அவருக்கு இதில் சம்மதந்தானா என்று கேட்டு எழுதவும்.'

இதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அர்த்தநாரிக்கே அப்போதுதான் உறைத்தது. கடிதத்தை மடக்கிக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"என்ன சாமி எழுதறது?"

"வரச் சொல்லுங்கப்பா" என்று சிரித்தாள் பெரியநாயகி.