மாதக் கடைசியில் ஒரு கப்பல்

திரையில் கப்பலைக் காட்டும் பச்சை முக்கோணம் காலையிலிருந்து நகர்ந்ததாகவே தெரியவில்லை. மூன்று வாரமாக ஓடி வந்த கப்பல் இன்று ஊர்ந்துகொண்டிருந்தது. இயந்திரம் பழுதோ என்று றொஷானி கப்டனுக்கு எழுதப் போனாள்.

"எழுதாதே. நான்தான் மெதுவாக்கச் சொன்னேன்," என்றாள் மேலாளர் லீசா. கையில் கோப்பிக் கோப்பையுடன் பின்னால் வந்து நின்றிருந்தாள். "வெள்ளிக்கிழமை முதலாம் திகதி. அன்றைக்கு ரொட்டர்டாமுக்குள் வந்தால் போதும்."

"நாளைக்கே வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம்."

கப்பலில் இருந்தது சாம்பியாச் செம்பு. கிட்வேயில் சுரங்கத்திலிருந்து எடுத்து, உருக்கித் தகடாக்கி, லொறிகளில் தார் எஸ் சலாம் துறைமுகம்வரை கொண்டுபோய் ஏற்றியது. றொஷானியின் ஒஸ்லோக் கம்பனி அதை வாங்கும்போது விலை பேசுவதில்லை. லண்டன் உலோகச் சந்தையில் நாள்தோறும் ஒரு விலை விழும். கப்பல் எந்த மாதம் துறைமுகத்துக்குள் நுழைகிறதோ, அந்த மாதத்துச் சராசரிதான் விலை. இந்த மாதம் செம்பு உச்சியில் நின்றுவிட்டு, இப்போதுதான் சரியத் தொடங்கியிருந்தது. நாளைக்கு நுழைந்தால் சுரங்கத்துக்கு உச்சி விலை. வெள்ளிக்கிழமை நுழைந்தால், விழுந்துகொண்டிருக்கிற விலை.

"சுரங்கத்திலிருந்து ம்வான்சா இன்றைக்குக் கட்டாயம் தொலைபேசி எடுப்பார்," என்றாள் றொஷானி.

"கடல் சரியில்லை என்று சொல். காலநிலைக்கு யார் வழக்குப் போடுவது?" லீசா அவள் தோளில் கை வைத்தாள். "திங்கட்கிழமை உன் நிரந்தர நியமனத்தைப் பற்றி மேலே பேசப்போகிறேன். மறந்துவிடவில்லை."

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கப்பலை வேண்டுமென்றே தாமதிக்கிறார்கள் என்று விற்றவருக்குப் பட்டால், வேகப் பதிவைக் கேட்கலாம், காட்டித்தான் ஆகவேண்டும். தாமதம் நிரூபணமானால் இந்த மாத விலையையே கொடுக்கவேண்டும். ஆனால் மாதம் முடிவதற்குள் கேட்கவேண்டும். கப்பல் பிந்துகிறது என்பது ம்வான்சாவுக்குத் தெரியும். காற்றாலா, கட்டளையாலா என்பதுதான் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவள் இவள் ஒருத்திதான்.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கணவன் யூலியனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவன் திறிக் ஓட்டுகிறவன். தண்டவாளத்தில் போகிற அந்த நீல வண்டியைக் கடைசி நிறுத்தத்தில் விட்டுவிட்டு இளைப்பாறுகிற நேரம்.

"சாப்பிட்டனீரோ?"

"இல்லை. கேளுங்கோ ஒரு விசயம்." சொல்லி முடித்தாள்.

அவன் சிரித்தான். "உது எங்கட ஊர் பேசாலை மீன் முதலாளிமாரின்ர வேலையெல்லோ! ஐஸ் லொறி வரேல்லை எண்டு சொல்லி வள்ளக்காரனைக் கரையில நிப்பாட்டி வைக்கிறது. வெயில் ஏற மீன் இளகும், விலை இறங்கும். பிறகு பாத்தா லொறி பனைக்குப் பின்னால நிக்கும். செம்பு நாறாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடியோ? லொறியை மறைச்சு வைச்ச ஆளின்ர பேரையும் சொல்லட்டோ? உம்மட அப்பா. எங்கட அப்பர் காலம்பற துவங்கி மத்தியானம் மட்டும் அந்தாளுக்கு முன்னால நிண்டவர். பிறகு எனக்குப் பொம்பிளை கேட்டும் அதே வாசலிலதான் போய் நிண்டவர்."

இத்தனை வருசத்தில் அவன் இதைச் சொன்னதில்லை. கலியாணத்தில் இரண்டு தகப்பன்மாரும் ஒன்றாய் நின்று எடுத்த படம் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது.

"றொஷானி? கோவமோ?"

"இல்லை. இப்ப நான் என்ன செய்யிறது?"

"எனக்கென்ன தெரியும்? வேலை உமக்கு வேணும். எனக்கும் உமக்கு வேலை வேணும். மணி அடிக்குது, நான் எடுக்கப்போறன் வண்டியை." வைத்துவிட்டான்.

பாணைக் கடித்தாள். மிச்சத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

ம்வான்சா எடுத்தபோது லீசா எதிர் மேசையில்தான் இருந்தாள். தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல்கள் நின்றன.

"மன்னித்துக்கொள்ளுங்கள், காலையில் எங்களுக்கு மின்சாரம் இல்லை," என்றார் ம்வான்சா ஆங்கிலத்தில். எப்போதும்போல ஒரு சிரிப்பு. "கம்பிக்கான செம்பையெல்லாம் உங்களுக்கு அனுப்பிவிட்டால் எங்களுக்கு மின்சாரம் எதில் வரும்?"

அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

"எங்கள் கப்பல் எங்கே?"

"வந்துகொண்டிருக்கிறது."

"இந்த மாதத்துக்குள்ளா?"

"வெள்ளிக்கிழமை."

சிரிப்பு நின்றது. "வெள்ளிக்கிழமை என்றால் அடுத்த மாத விலை. தெரியும்தானே? இங்கே விலை விழுந்தால் முதலில் ஒப்பந்தக்காரரின் ஆட்களை நிறுத்துவார்கள். பிறகு அரசாங்கத்துக்குப் போகிற பங்கு குறையும். என் மனைவி அரசாங்க ஆஸ்பத்திரித் தாதி. அவளுக்குச் சம்பளம் பிந்தும். லண்டனில் யாரோ தும்மினால் கிட்வேயில் எல்லாருக்கும் காய்ச்சல்." மூச்சு விட்டார். "சரி, கடலை நாம் என்ன செய்வது? புயலா அங்கே?"

லீசா தலையை நிமிர்த்தினாள். கோபமாகவெல்லாம் பார்க்கவில்லை. சொல்லிக் கொடுத்த பாடத்தைப் பிள்ளை ஒப்புவிக்கக் காத்திருக்கிற ரீச்சரைப்போல, கொஞ்சம் அன்பாகவே பார்த்தாள்.

றொஷானியின் கண் கப்டனின் கடைசிச் செய்தியில் நின்றது. காற்று இல்லை, அலை இல்லை என்று எழுதியிருந்தான். பனைக்குப் பின்னால் நின்ற லொறியை அவளும் பார்த்திருக்கிறாள். ஐஸ் உருகித் தண்ணீர் மணலில் ஓடும். அதில் அவள் கால் நனைத்து விளையாடுவாள்.

"றொஷானி? இருக்கிறீர்களா?"

"இருக்கிறேன்."

"புயலா?"

"இல்லை," என்றாள். "கடல் அமைதியாக இருக்கிறது."

அந்தப் பக்கத்தில் கதிரை ஒன்று பின்னால் இழுபடுகிற சத்தம் கேட்டது. ம்வான்சா யாரையோ தன் மொழியில் அவசரமாகக் கூப்பிட்டார். நடுவில் 'வேகப் பதிவு' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் விழுந்தது.

லீசா கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தாள். றொஷானி அவளைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒஸ்லோ ஃபியோர்ட் சுருக்கம் இல்லாமல் கிடந்தது. தீவுக்குப் போகிற சின்னப் படகு ஒன்று அதை நேர்கோடாகக் கிழித்துக்கொண்டு போனது. கோடு நெடுநேரம் மூடிக்கொள்ளாமலே இருந்தது.