முதுகில் பாய் விரித்த பங்காளி

அருள்நாதன் நல்ல மனுஷர்தான்; பாடம் என்று வந்துவிட்டால் மட்டும் வாய் நிற்காது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பல வருஷமாகத் தற்காலிக விஞ்ஞான வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் பள்ளி நடத்திய விஞ்ஞானக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தால் நிரந்தர வேலைக்கு உத்தரவு தருவதாகத் தாளாளர் மொக்கைச்சாமி சொல்லியிருந்தார். வாத்தியார் மனைவி அடைக்கலமேரி அதை நம்பித் தெருவெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

எரிமலையோ ராக்கெட்டோ செய்துவிட்டுப் போயிருக்கலாம். இவர் செய்தது டைமெட்ரோடான். டைனோசர்கள் தோன்றுவதற்குப் பல கோடி வருஷம் முன்பே அழிந்துபோன பிராணியாம். வைக்கோலும் களிமண்ணும் வைத்து உடம்பு, மூங்கில் குச்சிகளால் முதுகு முள், அதன்மேல் கப்பல் பாய்போல விரிந்த ஆட்டுத்தோல். தோலைக் கொடுத்தவர் தோல் ஷாப் அப்துல் சுக்கூர். பதனிடாத பச்சைத் தோல், நாறும் என்று அவர் தடுத்தும் பார்த்தார். வெயிலை வாங்கி உடம்பைச் சூடாக்கிய பாய் அது, வெளிச்சம் ஊடுருவித் தெரிய வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். நாறத்தான் செய்தது. ஆனாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரே வந்து பார்த்தது.

வந்தவர்கள் எல்லாம் ராட்சச உடும்பு என்றார்கள். வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டில் ஒரே ஒரு ஓட்டை, வாயில் கடிக்க ஒரு விதப் பல், குத்த ஒரு விதப் பல்; பால் கொடுக்கும் பிராணிகள் எல்லாம் வந்த வம்சத்தின் அடையாளம் இதுதான், உடும்பும் முதலையும் வேறு வீடு என்று விளக்கினார். அப்படியானால் இது நமக்குப் பாட்டனா என்று யாரோ கேட்டார்கள். பாட்டன் இல்லை, பங்காளி என்றார். அதோடு விட்டிருந்தால் வம்பில்லை.

"இப்ப நம்ம தாளாளர் ஐயாவும் பொன்னழகு ஐயாவும் ஒரே தாத்தாவோட பேரங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் அப்பன் மகன் இல்ல, ஆனா ஒரே ரத்தம். அது மாதிரிதான் மனுசனுக்கு இது."

"அப்ப அந்த ரெண்டு பேர்ல மிருகம் யாரு சார்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். கூரை அதிரச் சிரிப்பு.

ஒரு கிணற்றுத் தண்ணீருக்காக மொக்கைச்சாமியும் பொன்னழகும் கோர்ட்டுக்குப் போய், சாவு வீட்டுக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள். வாத்தியார் குடியிருந்ததோ பொன்னழகின் வீட்டில். மொக்கைச்சாமி வேறென்ன நினைப்பார்?

அன்று சாயங்காலமே கூப்பிட்டு அனுப்பினார்.

"அவன் வீட்ல குடியிருந்துக்கிட்டு என் பள்ளிக்கூடத்துலயே என்னைய அசிங்கப்படுத்துறீகளா?"

இவர் பதறிப்போய் மறுத்தார். அப்படியானால் நாளைக்கு மேடையில் ஏறி, இது டைனோசர், மனுஷனுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது என்று சொல்லிவிட்டு உத்தரவை வாங்கிக்கொள்ளும்படி தாளாளர் முடித்துவிட்டார்.

வீட்டில் அடைக்கலமேரி அழவில்லை. செத்துப்போன மிருகத்துக்காக உயிரோடிருக்கிறவள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அருள்நாதன் மேடை ஏறினார். டைனோசர் என்றார். யாருக்கும் உறவில்லை என்றார். கைதட்டல் பலமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் உத்தரவுக்காகப் போய் நின்றார். மொக்கைச்சாமி வெற்றிலையை மெல்ல மென்று முடித்தார்.

"நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு பேசுறீக. ஒங்கள நம்பி எப்பிடி சார் பிள்ளைகள விடுறது?"

தாளாளரின் மைத்துனர் மகனுக்கு அந்த வேலை கிடைத்தது என்பதை இனிச் சொல்லவும் வேண்டுமா? பொன்னழகு மட்டும் சும்மா இருப்பாரா? மிருகம் தான்தான் என்று ஊர் பேசுவது அவர் காதுக்கும் போயிருந்தது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கிணற்று விஷயத்தில் ஒத்துப்போகாத பங்காளிகள் இந்த விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

சின்னாளப்பட்டியில் தங்கை வீட்டுக்கு மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஊர் எல்லை தாண்டியதும் அடைக்கலமேரி கேட்டாள்:

"ஏங்க, நெசத்துல அது என்ன மிருகம்?"

அருள்நாதன் மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைனோசர்தான்" என்றார்.