பத்தொன்பதாம் எண்ணின் கேள்வி

"மைக்கை யார் கையிலயும் குடுத்துடாதீங்க. நீங்களே பிடிச்சுக்கோங்க. அவங்க வாயை மட்டும் கிட்ட கொண்டுவரட்டும்," என்றார் கம்பெனிச் செயலர்.

காலை எட்டு மணி. ஆண்டுப் பொதுக்கூட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருந்தது. வாடகை மண்டபத்தில் நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். செயலரின் பிரிவில் வேலை பார்க்கும் அவன் கம்பியில்லா மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம், பிடித்தால் கட்டைவிரல் தானாகப் போய் உட்காருகிற இடத்தில், சத்தத்தை நிறுத்த அரிசியளவு ஒரு பொத்தான்.

"யாராவது கல்லைப் பத்தி ஆரம்பிச்சா, சார்?"

"முதல் வரியை விட்டுடுங்க. வணக்கம் சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. அப்புறம் கட்டைவிரல் பார்த்துக்கும். பங்குதாரருக்கு மைக் குடுக்கணும்னுதான் சட்டத்துல இருக்கு. அதுல சத்தம் வரணும்னு எங்க இருக்கு, காட்டுங்க?"

செயலர் இருபத்தாறு வருடச் சேவையில் ஒரு சட்டத்தையும் மீறியதில்லை. எல்லாவற்றையும் ஓரமாக உரசிக்கொண்டே வந்து சேர்ந்திருக்கிறார்.

கல் என்பது பாஸ்பேட் கல். கம்பெனி செய்யும் உரத்துக்கு அதுதான் உயிர். கடல் கடந்து ஒரு நிலத்திலிருந்து கப்பலில் வருகிறது. அந்த நிலம் தன்னுடையது என்று அதன் பக்கத்து நாட்டு அரசு சொல்கிறது. தங்களுடையது என்று அங்கே பிறந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் இரண்டு தலைமுறையாக எல்லைக்கு அப்பால் கூடாரத்தில் இருந்துகொண்டு சொல்கிறார்கள். வெட்டி விற்பது அந்த அரசு, வாங்குவது கம்பெனி. ஆண்டறிக்கையின் நாற்பத்தேழாம் பக்கத்தில் இதற்கு 'பாரம்பரிய நட்பு மூலங்கள்' என்று பெயர். பங்கு வைத்திருக்கும் மூன்று பெரிய ஓய்வூதிய நிதிகள், இந்த வருடம் ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் பங்குகளை விற்றுவிட்டுப் போவதாகக் கடிதம் எழுதியிருந்தன. பதினெட்டுப் பக்கம் பதில் போயிற்று. அதில் நான்கு பக்கம் அவன் எழுதியது. அந்த நான்கு பக்கத்தில் 'நிலம்' என்ற சொல் ஓர் இடத்தில்கூட வராது. எழுதி முடித்த அன்று அதை ஒரு திறமையாக நினைத்து, ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லிக்காட்டவும் செய்தான்.

கடைசி வரிசையில் பத்திரிகைக்காரர்கள் உட்காருவார்கள். கூட்டம் சத்தமில்லாமல் முடிந்தால் துணை மேலாளர் பதவி அவனுக்கு என்று செயலர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

பத்து மணிக்குத் தலைவர் மேடையேறினார். பின்னால் திரையில் ஒரு பச்சை இலை, அதன் மேல் பனித்துளி. பனித்துளி விழுவதற்குள் தலைவர் பூமித்தாய் என்று ஏழு தடவை சொல்லிவிட்டார். பிறகு கேள்வி நேரம். முதலில் எழுந்தவர் ஆபீஸ் முழுக்க 'வாழ்த்து மாமா' என்று அறியப்பட்டவர். பத்துப் பங்கை வைத்துக்கொண்டு நாற்பது கம்பெனிக் கூட்டங்களுக்குப் போய் வருகிறவர். தலைவரைத் தகப்பன் என்றார், விளக்கு என்றார், அப்படியே ஆலமரம் வரை போய், பரிசுப்பை போன வருடத்தைவிடச் சிறிதாக இருப்பதைப் பாசத்தோடு சுட்டிக்காட்டி உட்கார்ந்தார். மைக் கணீரென்று வேலை செய்தது.

எண் வரிசைப்படி இன்னும் பதினேழு பேர் பேசி உட்கார்ந்தபின் செயலர் கூப்பிட்டார், "அடுத்தது, பத்தொன்பதாம் எண் உறுப்பினர்."

வலப்பக்கம் ஆறாவது வரிசையில் எழுந்து நின்றது சித்தி.

மைக்கோடு அவன் அந்தப் பக்கம் நடந்தான். அம்மாவின் தங்கை. துறைமுகச் சரக்கு அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சின்ன வயதில் அவனுக்குத் திக்குவாய். வீட்டில் எல்லோரும் அவன் வாக்கியத்தைத் தாங்களே முடித்துக் கொடுத்து நகர்ந்துவிடுவார்கள். சித்தி மட்டும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, அவன் முடிக்கிற வரை காத்திருப்பாள்.

கிட்டே போனதும் அவள் முகம் மலர்ந்தது. "நல்லவேளை, நீயே வந்தே," என்று கிசுகிசுத்தாள். கையில் நான்காக மடித்த தாள்.

"வணக்கம். நான் இந்தக் கம்பெனியில ஒரு சின்ன பங்குதாரர். எனக்கு ஒரே ஒரு கேள்விதான்..." மண்டபம் முழுக்கக் கேட்டது. "நாப்பத்தேழாம் பக்கத்துல வர்ற கல்லைப் பத்தி."

மேடையில் செயலர் தலையைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு மண்டபத்துக்கு எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்டது. "நட்பு மூலம்னு போட்டிருக்கீங்க. முப்பது வருஷம் சரக்குச் சீட்டு பார்த்தவ நான். கப்பல் எங்க நின்னு கல்லை ஏத்துதுன்னு எனக்குத் தெரியும். அந்த மண்ணுல பொறந்தவங்களைக் கேட்டுத்தான் வெட்டுறோமா? கேட்டோம்னா, யாரைக் கேட்டோம்?" பக்கத்து நாற்காலிக்காரர் பரிசுப்பையைக் கட்டிக்கொண்டு தூங்கினார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "சத்தமாப் பேசுங்கம்மா," என்றார். சித்தி வெட்கத்தோடு தொண்டையைச் செருமி, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். மைக்கை இன்னும் சற்று அவள் வாயருகே கொண்டுபோனான். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு அக்கறையான பையன்!

"அம்மாவோட அன்புக்கு நன்றி," என்றார் தலைவர். கைதட்டினார்கள்.

"சத்தம் வரலையோ?" என்றாள் சித்தி.

"பேட்டரி போயிடுச்சு, சித்தி."

"அட, அதுக்கு நீ என்ன பண்ணுவே பாவம்," என்று அவன் முழங்கையைத் தட்டிக்கொடுத்து உட்கார்ந்தாள். அடுத்து இருபதாம் எண். பேட்டரி பிழைத்துக்கொண்டது.

மதியம் கூட்டக் குறிப்பை எழுதுவதும் அவன் வேலைதான். எழுத அதிகம் இல்லை. போன வாரமே தயாராக இருந்தது. கோடிட்ட இடங்களில் எண் போட்டால் போதும். 'பத்தொன்பதாம் எண் உறுப்பினர் நிர்வாகத்தைப் பாராட்டிப் பேசினார்.' செயலர் வாசித்துவிட்டு அவன் தோளில் தட்டினார். "உங்க கட்டைவிரலுக்கு ஒரு மோதிரம் போடணும்யா."

சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போனான். போகாமலிருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பாள். இரண்டாம் மாடி. கதவைத் திறந்ததும், "ஆபீஸ்ல ஏதாச்சும் சொன்னாங்களாடா?" என்றுதான் கேட்டாள். "உனக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னுதான் பேரைச் சொல்லாம நம்பரை மட்டும் குடுத்தேன். உன்கிட்டயும் சொல்லலை."

"யாரும் எதுவும் சொல்லலை. டீ போடு."

தன் டீயை ஆற்றிக்கொண்டே அவள் பேசினாள், டம்ளரைப் பார்த்தபடி. "அந்தச் சீட்டு எல்லாத்துலயும் என் முத்திரைதான். ஏத்துன இடம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல வேற பேர் போட்டு வரும். பொய்னு எனக்கும் தெரியும், பக்கத்து மேசைக்கும் தெரியும். டொக்கு டொக்குன்னு குத்திட்டு வீட்டுக்கு வந்துடுவேன். உனக்கெல்லாம் இதைச் சொல்லவே கூசுது." நிமிர்ந்தாள். "நான் கேட்டது குறிப்புல ஏறுமா?"

"ஏறிடுச்சு."

"அப்படியேவா?"

"அப்படியே."

"நீயே எழுதுனியா?"

"நானேதான்."

நெடுநாளாகத் தூக்கிவந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டதுபோல் அவள் தோள் இறங்கியது. "அது போதும்டா. தலைவர் காதுல விழாட்டியும் தாள்ல இருக்குல்ல." சின்ன வயதில் ஒரு வாக்கியத்தை அவன் திக்காமல் முடித்தால் எப்படிச் சிரிப்பாளோ அப்படிச் சிரித்தாள். அவன் தன் டீயை ஆற்றாமலே குடித்தான். நாக்கு வெந்தது, வேண்டியதுதான் என்று இருந்தது.

கிளம்பும்போது, "இரு, இரு," என்று உள்ளே ஓடி, டார்ச்சைத் திருகிக்கொண்டே வந்தாள். அதிலிருந்து இரண்டு பென்சில் பேட்டரியை உள்ளங்கையில் கொட்டினாள். "வர்ற வழியில வாங்கினேன். போட்டுப் பார்த்துட்டேன், நல்லா எரியுது. அடுத்த வருஷக் கூட்டத்துக்கு நீ வச்சுக்கோ. உங்க ஆபீஸ்ல இதெல்லாம் யார் கவனிக்கப் போறாங்க?" அவன் மறுக்கும் முன்பே சட்டைப் பையில் போட்டுவிட்டாள்.

படியில் இறங்கினான். ஒவ்வொரு படிக்கும் பைக்குள் அவை இரண்டும் ஒன்றையொன்று இடித்து 'டிக்' என்றன. பையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். அடுத்த படியிலும் 'டிக்'. மேலே அவள் இன்னும் கதவைச் சாத்தவில்லை. படி தெரியட்டும் என்று விளக்கைப் போட்டுவிட்டு, அவன் கீழே போய்ச் சேருகிற வரை காத்துக்கொண்டு நின்றாள்.