கிதாரில் இருப்பவர்

பிரேம்நாத் எட்டு வருடமாக லேடீஸில் இருந்தான். அப்படிச் சொன்னால் ஆம்பூரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஷூ கம்பெனியில் பெண்கள் செருப்பு தைக்கும் பிரிவில் இருக்கிறான் என்று புரிந்துகொண்டு, "ஓவர்டைம் உண்டா?" என்று கேட்பார்கள். அவன் மச்சான் ஜென்ட்ஸில் இருந்தான். மச்சானின் மனைவி கிட்ஸில் இருந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை லேடீஸ்லயே ரொம்ப நாளா இருக்காரு, நல்ல பேரு" என்று தரகர் சொன்னபோது பெண்ணின் அப்பா திருப்தியோடு தலையாட்டினார்.

லேடீஸில் அவனுக்குக் குறை கண்டுபிடிக்கும் வேலை. தையல் கோணல், பசைக் கறை, இடது கால் ஒரு நிறம் வலது கால் ஒரு நிறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்க வேண்டும். வாரம் முழுக்க இதைச் செய்து செய்து, வீட்டில் இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. அன்றைக்குக் குறையே அவன்தான். அவ்வளவு மோசமாகக் கிதார் வாசிப்பான். யாரும் அவனை ஒதுக்கவில்லை.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், ஷூ பெட்டிக்கு அட்டை அடிக்கும் அச்சகத்தின் மாடியில் அவர்கள் கூடினார்கள். மொத்தம் நான்கு பேர். நாற்காலி கிடையாது, கட்டு கட்டாகக் கிடக்கும் அட்டைகள்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். ஷர்மிளா டீச்சர் சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பவர், நால்வரில் அவருக்குத்தான் நிஜமாக வாசிக்க வரும். ஹேமந்த் இன்னொரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர்; வாசிப்பதைவிட ஸ்பீக்கருக்கு ஒயர் மாட்டுவதில் அதிக நேரம் செலவழிப்பான். கோதண்டபாணி ஒடுகத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கிதாரோடு பஸ் ஏறி, அதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று கண்டக்டரோடு வாராவாரம் சண்டை போட்டுக்கொண்டு வந்து சேர்வார். ஆறு வருடமாகக் கற்றுக்கொள்கிறார். எல்லோரும் பிரேம்நாத்தைவிட அவர் மோசம் என்று நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

புதிதாக வருபவர் முதல் நாள் வாசிக்கக் கூடாது என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முன்னொரு தடவை ஆலங்காயத்திலிருந்து ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தார். வந்ததும் வராததுமாகக் கிதாரைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார். பிறகு வரவேயில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்டே திரும்பி வராத இடம் என்றால் அது எப்படிப்பட்ட இடம் என்று டீச்சர் கேட்டார். அன்றிலிருந்து புது ஆள் டீ குடிக்கலாம், கேட்கலாம், தலையாட்டலாம். வாசிக்கக் கூடாது.

ஆனால் புது ஆளே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதண்டபாணி கிதாரை உறையில் போட்டபடி சொல்லிவிட்டார்.

"பிரேமு, நாலு பேரு நாலு மூலையில உக்காந்து சொறிஞ்சிக்கிட்டு இருக்கோம். கேக்கவும் ஆளில்ல, சொல்லவும் ஆளில்ல. உருப்படியா ஒரு ஆளைக் கொண்டா. இல்லன்னா இந்த மாசத்தோட மூடிடலாம்."

"எனக்கும் சர்ச்ல வேலை ஜாஸ்தி" என்றார் டீச்சர்.

ஹேமந்த் ஒயரைச் சுருட்டினான். அவன் வீட்டுக்கு எடுத்துப் போகாத ஒயரையும் சேர்த்துச் சுருட்டியதைப் பிரேம்நாத் கவனித்தான்.

மூடிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் இட்லியைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான்.

நான்கு நாள் கழித்து டீக்கடையில் அப்துல் சமத்தை முதன்முதலாகப் பார்த்தான். தந்தி மாற்றக் கொண்டுபோயிருந்த கிதார் உறையோடு அவன் முதுகில் தொங்கியது. ஐம்பதைத் தாண்டிய, வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்ட அவர் பக்கத்தில் வந்து அதையே உற்றுப் பார்த்தார்.

"கிதாரா தம்பி?"

"ஆமா பாய். உங்களுக்கும் இன்ட்ரஸ்டா?"

"நான் பதினோரு வருஷமா கிதார்லதான் இருக்கேன்."

பிரேம்நாத் டீயைக் கீழே வைத்தான்.

"பதினோரு வருஷமா? இந்த ஊர்லயா? நான் கேள்விப்பட்டதே இல்லையே பாய்?"

"லோக்கல்ல குடுக்கறது இல்ல தம்பி. எல்லாம் ஜெர்மனி, ஜப்பான். ஜெர்மனிக்காரன் கேட்டுக் கேட்டு வாங்குவான். போன மாசம்கூட நம்ம கைப்பட்டதுதான் வேணும்னு எழுதியிருந்தான்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பாய்?"

"எட்டு மணி நேரம். சீசன்ல பத்து, பன்னெண்டுகூட ஆவும்."

பிரேம்நாத் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பயிற்சி செய்பவன். அவன் பாயின் விரல்களைப் பார்த்தான். நுனியெல்லாம் காய்த்துப்போய், தடித்து, ஒரு மேதையின் விரல்களாகவே இருந்தன.

"ஞாயித்துக்கிழமை எங்க ரூமுக்கு வரணும் பாய். சும்மா கேட்டாப் போதும்."

"கிதாரெல்லாம் இருக்குமா?"

"நாலு இருக்கு."

பாயின் முகம் மலர்ந்தது. "வர்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாய் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். ஜெர்மனி, ஜப்பான், பன்னிரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் பிரேம்நாத் ஏற்கெனவே வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். அதனால் மூவரும் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். இருப்பதிலேயே உயரமான அட்டைக்கட்டில் பாயை உட்காரவைத்தார்கள். வழக்கத்தைச் சொன்னார்கள்.

"முதல் நாள் நீங்க வாசிக்கக் கூடாது பாய். தப்பா எடுத்துக்காதீங்க."

"சேச்சே, இன்னா தப்பு?" என்றார் பாய், நிம்மதியாக.

ஹேமந்த் நின்றுகொண்டு வாசித்தான். பாய் அவன் விரல் பக்கம் திரும்பவேயில்லை. தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரு வார்த்தை சொன்னார்.

"இறங்குது."

ஹேமந்த்தின் முகம் சுண்டிவிட்டது. "சுருதியா பாய்?"

"வலது பக்கம் வரவர இறங்குது. கவனிச்சா தெரியும்."

கோதண்டபாணி வாசித்தார். "உங்களுக்கு இழுப்பு ஜாஸ்தி" என்றார் பாய். தந்தியைத் தேவைக்கு மேல் இழுப்பது அவருடைய ஆறு வருடக் குற்றம். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. டீச்சர் வாசித்தபோது பாய் எழுந்து கிட்டப் போய்ச் சாய்ந்து பார்த்தார். "சுத்தம். ஒரு பிசிறு இல்ல" என்றார். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி அழுக்காக இல்லை.

பிரேம்நாத் வாசித்தபோது பாய் ஒன்றுமே சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கினார்.

கூட்டம் முடிந்து பாயை பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிடப் போனபோது பிரேம்நாத் தாங்கமாட்டாமல் கேட்டான்.

"எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்லலையே பாய். அவ்ளோ மோசமா?"

"எல்லாரு முன்னாடியும் சொல்லக் கூடாதுன்னு பாத்தேன் தம்பி. ஏமாத்திட்டாங்க உன்னை. அது லெதரே இல்ல. ரெக்சின்."

"எது?"

"ஸ்ட்ராப். தோள்ல மாட்டியிருக்கியே, அது. லெதர்னு சொல்லித்தானே குடுத்தான்?"

பிரேம்நாத் நடப்பதை நிறுத்திவிட்டான்.

"பாய், நீங்க கிதார்ல இருக்கேன்னு சொன்னீங்களே..."

"ஆமா. முதல்ல பர்ஸ்ல இருந்தேன், அப்புறம் பெல்ட்ல. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி கிதார் ஸ்ட்ராப் ஆர்டர் வந்திச்சு, அதுல போட்டுட்டாங்க. கிதாரைக் கிட்டத்துல பாத்ததே இன்னைக்குத்தான். நாம தச்சதுல இன்னாத்த மாட்டுவான், எப்படி நிக்கும்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

லேடீஸில் எட்டு வருடம் இருந்தவன், தினமும் பத்துப் பேரிடமாவது "நான் லேடீஸ்ல இருக்கேன்" என்று சொல்பவன், இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஜோடியில் இரண்டுமே இடது கால் செருப்பாக இருந்து, அதைப் பாஸ் செய்து அனுப்பியதுபோல் இருந்தது.

"அவங்க உங்களைப் பெரிய வித்வான்னு நினைச்சிட்டு இருக்காங்க பாய்."

"யாரு சொன்னது அப்படி?"

"நான்தான்."

பாய் சற்று யோசித்தார். "கேட்டா உண்மையைச் சொல்லிடுவேன் தம்பி. கேக்கலன்னா நானாப் போய்ச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அந்த வாரம் பிரேம்நாத்துக்கு ஒரே பேஜார். ஹேமந்த் விடிந்ததும் விடியாததுமாகத் தான் வாசித்ததைப் பதிவு செய்து குழுவில் போட்டு, "இப்ப இறங்குதா?" என்று கேட்டான். இறங்கவில்லை. நன்றாகவே இருந்தது. கோதண்டபாணி கடையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு இழுப்பைக் குறைத்துக்கொண்டிருந்தார். "மூடற பேச்சே வேணாம்டா பிரேமு, பாய் மாதிரி ஒரு காது கெடைக்குமா?" என்று போன் செய்தார். டீச்சர் சர்ச்சில் நேரம் மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டார். பிரேம்நாத் ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுத்து, "ஆமாண்ணா" என்றான்.

அடுத்த ஞாயிறு பாய் வந்து உட்கார்ந்ததும் கோதண்டபாணி கைகட்டி நின்றார்.

"முதல் நாள் முடிஞ்சிடுச்சு பாய். இன்னைக்கு நீங்க வாசிக்கணும்."

"எனக்கு வாசிக்க வராதுங்களே" என்றார் பாய்.

"பாத்தியா!" என்று கோதண்டபாணி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "விஷயம் தெரிஞ்சவன் வாயிலதான் இந்த வார்த்தை வரும். ஹேமந்த்து, நீ ஒரு நாளாவது வராதுன்னு சொல்லியிருக்கியா?"

"நெசமாவே வராது. தொட்டதுகூட இல்ல."

"இன்னா அடக்கம்!" என்றார் டீச்சர்.

பாய் பிரேம்நாத்தைப் பார்த்தார். கேட்டதற்கு அவர் உண்மையைச் சொல்லியாகிவிட்டது. மீதி யாருடைய வேலை என்று அந்தப் பார்வையில் சந்தேகமில்லாமல் இருந்தது.

பிரேம்நாத் எழுந்தான். "நான் லேடீஸ்ல இருக்கேன் இல்ல?" என்றான்.

"அதுக்கு இப்ப இன்னாடா?"

"அந்த மாதிரிதான் பாய் கிதார்ல இருக்காரு. ஸ்ட்ராப் தைக்கிறாரு. ஜெர்மனிக்குப் போறது ஸ்ட்ராப். நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டு உங்ககிட்ட சொல்லிட்டேன். போன வாரமே எனக்குத் தெரியும். மூடிடுவீங்கன்னு பயந்துதான் சொல்லல."

கீழே கேட் மூடும் மணி அடித்தது. ஒரு சரக்கு ரயில் முழுசாகப் போய் முடிந்தது.

ஹேமந்த்தான் முதலில் கேட்டான். "அப்ப இறங்குதுன்னு சொன்னது?"

"ஸ்ட்ராப்புதான் தம்பி. கொக்கி லூசு. நழுவிக்கிட்டே இருந்திச்சு."

"எனக்கு இழுப்பு ஜாஸ்தின்னது?"

"உங்களுக்கு நீளம் கம்மி. கழுத்தை இழுக்குது. வலிக்குமே?"

கோதண்டபாணி கழுத்தைத் தடவிக்கொண்டார். வலித்தது.

"சுத்தம்னு சொன்னீங்களே..." என்றார் டீச்சர், மெதுவாக.

"தையலைச் சொன்னேன், டீச்சரம்மா. முதல் தரமான தையல்."

"வாசிப்பு?"

"வாசிப்பும் நல்லாத்தான் இருந்திச்சு. எனக்கு எல்லாரு வாசிப்பும் நல்லாத்தான் இருந்திச்சு."

"எல்லாருதுமா? பிரேமுதுமா?"

"ஆமா."

"அப்ப சத்தியமா ஒண்ணும் தெரியாது" என்றார் கோதண்டபாணி.

அவர் எழுந்தார். கிதாரைத் தோளிலிருந்து கழற்றினார். பஸ்ஸுக்குக் கிளம்புகிறார் என்று பிரேம்நாத் நினைத்தான். உறை அவன் காலடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தான். கோதண்டபாணி அதை வாங்கவில்லை. நேராகப் போய் பாயின் மடியில் கிதாரை வைத்தார்.

"ஒரு தட்டு தட்டுங்க."

பாய் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். தோலைப் பார்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். பிறகு நேராக்கி, கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார். தகரக்கூரையில் தேங்காய் உருண்டதுபோல ஒரு சத்தம் எழுந்தது.

கோதண்டபாணியின் முகத்தில் ஏதோ நடந்தது. இந்த அறையில் தன்னைவிட மோசமான ஒரு சத்தத்தை அவர் ஆறு வருடத்தில் கேட்டதில்லை.

"இன்னொருவாட்டி" என்றார்.

பாய் இன்னொரு தடவை உருட்டினார். இது அதைவிட மோசம்.

"அப்படி இல்ல பாய்." கோதண்டபாணி தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து பாயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தந்தியில் வைத்தார். "இது இங்க. இது இங்க. இதுதான் ஜி கார்டு. இப்ப தட்டுங்க."

"அண்ணா, நீங்களே அந்த விரலைத் தப்பா வைக்கிறீங்க" என்றார் டீச்சர்.

"ஆறு வருஷமா இப்படித்தான் வைக்கிறேன்."

"ஆறு வருஷமா தப்பா வைக்கிறீங்க. நவுருங்க. பாய், நடுவிரலை மேல கொண்டாங்க."

"டீச்சர், மொதல்ல உக்கார்ற விதத்தைச் சொல்லணும். முதுகு வளையுது பாருங்க" என்று ஹேமந்த் பின்னாலிருந்து பாயின் தோளை நிமிர்த்தினான்.

"ஒயர் மாட்டறவன்லாம் பேசாத."

"நான் மாட்டலன்னா உங்களுதே உங்களுக்குக் கேக்காதுண்ணா."

மூன்று பேரும் பாயைச் சுற்றிக்கொண்டதில் பிரேம்நாத்துக்கு உள்ளே நுழைய இடமில்லை. வெளிவட்டத்தில் நின்றபடி, "அப்ப இந்த மாசத்தோட மூடறதா இல்லையாண்ணா?" என்று கேட்டான்.

"ஒரு மனுஷன் கத்துக்கிட்டு இருக்காரு, இன்னாடா மூடற பேச்சு?" என்றார் கோதண்டபாணி, திரும்பாமலேயே. "பாய், அடுத்த வாரம் இவங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துடுங்க. இவங்க கெடுத்துடுவாங்க."

"விரல் வலிக்குதுங்களே" என்றார் பாய்.

"வலிக்கும்" என்றார் கோதண்டபாணி, பெரும் சந்தோஷத்தோடு. "நல்லா வலிக்கும். அமுக்குங்க."