வலப்பக்கம் மேலே

மூன்றாவது திருப்பத்தில் சக்கர நாற்காலி ஒரு கல்லில் இடித்து நின்றது. ஹிதேகி கைப்பிடியை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தான்.

"போதும் சனாயே. சிலிண்டர் முள்ளைப் பாரு, பாதிக்குக் கீழே வந்தாச்சு. திரும்பிடலாம்."

"இன்னும் ஒரே ஒரு ஏத்தம்தாண்ணா."

நாற்காலியில் அவர்களுடைய அப்பா தமேஜி. மூக்கில் பிராணவாயுக் குழாய், உடம்பில் குலச்சின்னம் பொறித்த கறுப்புக் கிமோனோ. எண்பத்து நாலு வயசு நுரையீரலுக்கு அந்தப் பட்டே பாரம்தான். மூன்று மணிக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரியில் வெளியே விட்டிருந்தார்கள்.

நாலு மாதமாக எதையும் கேட்காதவர், நேற்று டாக்டர் போனதும் அந்த வராந்தா வீட்டுக்குக் கூட்டிப்போ என்று கேட்டுவிட்டார். நாகசாகியில் அந்தக் குன்றுப் பூங்கா முழுக்க அந்தக் காலத்து வெள்ளைக்கார வியாபாரிகளின் வீடுகள்தான். ஆனாலும் அவர் எந்த வீட்டைச் சொல்கிறார் என்று சனாயேவுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவள் கல்யாணம் நடந்த வீடு. அப்பா வராத கல்யாணம். முதல் பெண்டாட்டியை விட்டுவிட்டுக் கையில் பிள்ளையோடு நிற்கிறவனுக்கு மாளிகையில் கல்யாணம் ஒரு கேடா என்று கேட்டுவிட்டு, போன் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். பிறகு புத்தாண்டுக்குப் போனால் தேநீர் கொடுப்பார், மழையைப் பற்றிப் பேசுவார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்று அவள் அண்ணனோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள்.

கிமோனோ கேட்டதும் அவர்தான். காலையில் அலமாரியிலிருந்து எடுத்தபோது, முதல்முறை உடுத்துவதற்கு முன் பிரிக்க வேண்டிய வெள்ளை நூல் விளிம்பில் அப்படியே இருந்தது. தையல்காரர் வைத்த சீட்டில் அவள் கல்யாண மாதம். ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்து அந்த நூலை இழுத்து இழுத்துப் பிரித்தாள். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

வராந்தாவில் ஒரு கல்யாண ஜோடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காத்திருக்கச் சொன்னார்கள். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அப்பாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. வழியிலேயே உசிர் போனால் யார் பதில் சொல்வது என்று ஹிதேகி பல்லைக் கடித்தான். அவன் கெட்டவன் இல்லை. நாலு மாதமும் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்தவன் அவன், அவள் ஞாயிற்றுக்கிழமைக்காரி. அது அவளுக்கும் உறுத்தியது.

ஒருவழியாக இடம் காலியானது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஹிதேகி முனகிக்கொண்டே குனிந்து முதுகைக் கொடுத்தான். சனாயே சிலிண்டரைத் தூக்கிக்கொண்டாள். வராந்தாப் பிரம்பு நாற்காலியில் அப்பாவை இறக்கி உட்கார வைத்தார்கள். அந்த ஜோடியைப் படம் எடுத்த படக்காரர் தானாகவே முன்வந்து சனாயேவின் போனை வாங்கிக்கொண்டார். உயர்த்தினார். பிறகு தாழ்த்தினார். கிழவரின் மார்பையே பார்த்தார். மணப்பெண்ணின் அம்மா முகத்தைத் துறைமுகப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் சனாயேவும் பார்த்தாள். கிமோனோவில் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு. அவள் கடைசியாக ஒருவருக்கு உடுத்திவிட்டது போன வருஷம், செத்துக் கிடந்த மாமியாருக்கு. கை அந்தப் பழக்கத்திலேயே கட்டிவிட்டிருந்தது.

"என்ன காரியம் பண்ணியிருக்கே நீ," என்றான் ஹிதேகி, குரலை அடக்கி. "இருக்கும்போதே அப்பாவை..."

அவிழ்த்துக் கட்டுவதென்றால் அப்பாவை எழுப்பி நிறுத்த வேண்டும். நிற்க அவரிடம் மூச்சு இல்லை. சனாயே கையை இடுப்புக் கச்சையில் வைத்தாள். தமேஜி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடும்மா. எப்படியும் ரெண்டு நாள்ல இப்படித்தானே கட்டப்போறீங்க. ஒரு வேலை மிச்சம்."

அவர் ஒருவர்தான் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஹிதேகி கிளம்பலாம் என்று சிலிண்டரில் கை வைத்தான். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"பக்கத்துல வந்து நில்லு," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அன்னிக்கே வந்திருக்கணும் நான்."

சனாயே அவர் தோளில் கை வைத்தாள். பட்டுக்குள்ளே வெறும் எலும்பு. படக்காரர் எடுத்துவிட்டார்.

மறுநாள் மாலை, ராத்திரிச் சாப்பாடு வருவதற்குள் அவர் போய்விட்டார். சனாயே பஞ்சை நனைத்துக் கடைசித் தண்ணீராக உதட்டில் வைத்தாள். வராந்தாவில் இருந்து இறங்கியதிலிருந்து அண்ணன் அவளோடு பேசவில்லை, அப்போதும் பேசவில்லை.

இழவுச் சடங்கு மண்டபத்தில், அஞ்சலிக்கு ஆட்கள் வர ஒரு மணி நேரம் இருந்தது. பூக்களுக்கு நடுவில் வைக்கப் படம் வேண்டும். படம் எடுக்க விடாத மனிதரிடம் வேறென்ன இருக்கும்? டிரைவிங் லைசென்ஸில் திருடனைப் போல் முறைக்கும் ஒன்று. இல்லாவிட்டால் வராந்தாப் படம்.

மண்டபத்துப் பெண் திரையில் அதைப் பெரிதாக்கிக் காட்டினாள். பவ்வியமாகப் பேசினாள். சனாயே இருக்கும் பக்கத்தை வெட்டிவிடலாம். கழுத்து மடிப்பை இடம் மாற்றிச் சரியாக்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. தோளில் இருக்கும் கையையும் அழித்துவிடலாம், எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறோம் என்றாள். கேள்வி ஹிதேகியிடம். மூத்த பிள்ளை, சடங்குக்கு உரியவன் அவன்தான்.

சனாயே அண்ணனைப் பார்த்தாள். அவள் கல்யாணத்துக்கு அப்பா இருபத்திரண்டு வருஷம் கழித்தாவது வந்ததற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கை. அதை அழிக்காதீர்கள் என்று கேட்க ஞாயிற்றுக்கிழமைக்காரிக்கு என்ன உரிமை?

ஹிதேகி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான்.

"மடிப்பை மாத்திடுங்க," என்றான்.

சனாயே தரையைப் பார்த்தாள்.

"கையை எடுக்க வேண்டாம்."

அஞ்சலிப் படத்தில் இன்னொருவர் கை இருப்பது வழக்கமில்லை, வருகிறவர்கள் யாருடையது என்று கேட்பார்கள் என்று அந்தப் பெண் தயங்கினாள்.

"கேக்கட்டும்," என்றான் ஹிதேகி.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். முதலில் வந்த அத்தை குனிந்து வணங்கி நிமிர்ந்தாள். வெள்ளைச் சாமந்திகளுக்கு மேலே இருந்த படத்தை, கறுப்புப் பட்டின் மேல் படிந்திருந்த நாலு விரல்களை, சற்று நேரம் பார்த்தாள். பிறகு சனாயேவின் மடியில் இருந்த கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஊதுவத்தியைச் சாம்பலில் செருகினாள்.