நாலாம் பெட்டிக்குக் காவல் இருந்தவன்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன், கதை வந்துவிட்டது. நாலே வரிக் கடிதம். வானொலி வேட்டைக் கழகத்தின் தலைவர் கையில் இன்று மாலை ஆறு மணிக்குள் சேர வேண்டும். சேர்ந்தால், வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் அணியில் இடம் பிடிக்க என் அக்காவுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. சேராவிட்டால் ஆறு வருஷமாக அவள் ஓடிய ஓட்டமெல்லாம் வீண். இப்போது மணி ஒன்றே கால். கடிதத்தில் 'ஐயா' வரைக்கும் வந்திருக்கிறேன்.

எழுத்தாளனிடம் கடிதம் கேட்டால் இந்த லட்சணத்தில்தான் இருக்கும். (எழுத்தாளன் என்று நானேதான் சொல்லிக்கொள்கிறேன். இதுவரை மூன்று கதைகள் அச்சாகியிருக்கின்றன, அதில் ஒன்றில் என் பெயரைப் போட மறந்துவிட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்குச் செய்வது வேறு வேலை. மிக்சி, வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி இவற்றோடு மடித்து வைக்கப்படும் உபயோகக் குறிப்புகளை எழுதுகிறேன். யாரும் படிக்க மாட்டார்கள் என்பது இரண்டு தொழிலுக்கும் பொது.)

2

முதல் தொடக்கம்:

"காடு மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தின் அடியில் ஐந்து குரல்கள் —"

வேண்டாம். காடு மௌனமாகவெல்லாம் இல்லை. நாற்பது பேர் டிராக் சூட்டில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மைக்கைத் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தொடக்கம்:

"பயன்படுத்தும் முன் கீழ்க்கண்டவற்றைக் கவனமாகப் படிக்கவும்."

தொழில் புத்தி. ஆனாலும் இது இருக்கட்டும், விதிகள் தெரியாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. காட்டுக்குள் ஐந்து சின்ன ஒலிபரப்புப் பெட்டிகளை ஒளித்து வைப்பார்கள். ஐந்துக்கும் ஒரே அலைவரிசை. அதனால் முறை வைத்துப் பேசும். முதல் நிமிஷம் முதல் பெட்டி, அடுத்த நிமிஷம் இரண்டாவது, இப்படி ஐந்தும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒன்றாம் பெட்டி ஒரு புள்ளிச் சத்தம் வைக்கும், நாலாம் பெட்டி நாலு வைக்கும், அதை எண்ணி எந்தப் பெட்டி என்று தெரிந்துகொள்ளலாம். ஓடுகிறவர் காதில் ஹெட்போன், கையில் ஆன்டெனாவும் வரைபடமும். ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பித் திசையைப் பிடித்து*, பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே தொங்கும் கருவியால் தன் அட்டையில் ஒரு துளை போட்டுக்கொண்டு அடுத்த பெட்டிக்கு ஓட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு நொடி தாமதமானாலும் போட்ட துளை அத்தனையும் பூஜ்யம்.

(* சத்தம் உரக்கக் கேட்கும் பக்கத்தை விட, அது சட்டென்று மங்கும் பக்கத்தை வைத்துத்தான் திசையைத் துல்லியமாகப் பிடிக்க முடியும் என்று அக்கா ஒருநாள் விளக்கினாள். விடுவேனா? அன்றே மனித உறவுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அவள் படித்துவிட்டு, "இது ஆன்டெனாடா. உன் மனசு இல்ல" என்றாள். அந்தப் பக்கம் இப்போது இல்லை.)

3

அடுத்த சிக்கல், அக்கா என்ற பாத்திரம். நம்பும்படியாக இல்லை. முப்பத்தெட்டு வயது. பல் டாக்டர்களுக்குப் பல் செய்து கொடுக்கும் லேபில் வேலை. பகல் முழுக்கப் பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லுக்கு மேடுபள்ளம் செதுக்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்குள் பாய்கிறாள். இவளை மாற்றிப் பார்த்தேன். தம்பியாக்கினேன், பட்டாளத்தில் சேர்த்தேன், ஒரு காதல் தோல்வி கொடுத்தேன். எதுவும் ஒட்டவில்லை. நிஜமானவர்களை வைத்துக் கதை எழுதுவதில் இதுதான் தொல்லை, சொன்ன பேச்சுக் கேட்க மாட்டார்கள்.

சரி, உள்ளதையே சொல்கிறேன். சின்னக் கழகம் என்பதால் பெட்டிகளை உறுப்பினர்களே செய்து கொடுப்பார்கள். எந்தப் பெட்டியை எங்கே ஒளிப்பது என்பது தலைவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். தலைவரைக் கம்பி அண்ணன் என்பார்கள். ஆயுள் முழுக்கத் தொலைபேசி இலாகாவில் கம்பி இழுத்தவர். போன ஞாயிறு, அணிக்கு ஆள் எடுக்கும் போட்டியில், நாலாம் பெட்டியாக அவர் வைத்தது அக்கா செய்த பெட்டி. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அதே பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே வயர்களை ஈயம் வைத்து ஒட்டினாள். அவள் செய்த பல் யார் வாயிலிருந்தும் கழன்று விழுந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ஈயமும் அப்படித்தான்.

அன்றைக்கு ஒன்றரை மணி நேரத்தில் நாலு பெட்டியை முடித்துவிட்டாள். பாக்கி இரண்டாவது மட்டும். அது பேச வேண்டிய நிமிஷத்தில் இரண்டு சத்தம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தது. இரண்டாம் பெட்டியோடு சேர்ந்து நாலாம் பெட்டியும் பேசிக்கொண்டிருந்தது. திசை எப்படிக் கிடைக்கும்? இந்தப் பக்கம் ஓடினாள், அந்தப் பக்கம் ஓடினாள். மூன்று சுற்று, பதினைந்து நிமிஷம். திரும்பி வந்தபோது நாலு நிமிஷம் தாமதம். எல்லாம் பூஜ்யம். இரண்டாம் பெட்டியை முன்னாலேயே முடித்திருந்த இயற்பியல் டீச்சர் ஒருவர் முதலிடம் வந்தார்.

கம்பி அண்ணன் எல்லார் முன்னாலும் நாலாம் பெட்டியைக் கையில் எடுத்தார். இதற்கு நடுவில் ஒரு தடவை கரண்ட் நின்று வந்திருக்கிறது, நின்றால் உள்ளே இருக்கும் கடிகாரம் முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும், அதனால்தான் தப்பான நிமிஷத்தில் பேசியிருக்கிறது என்றார். காரணம் ஈயம் சரியாகப் பிடிக்காததுதான் என்றும் சொன்னார். தான் செய்த பெட்டியே கெட்டுப்போனால் அதைச் சொல்லி முறையிட முடியாது. வேறு யாராவது அதில் கை வைத்திருந்தால் மட்டும் போட்டி செல்லாது, மறுபடி நடத்துவார்கள். அதற்கும் ஏழு நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும்.

இன்று ஏழாம் நாள். அக்கா கீழே அந்தப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வாரத்தில் இது நாலாவது தடவை. திருப்புளியை மேஜையில் வைக்கும் சத்தம் மாடிக்குக் கேட்கிறது.

4

கரண்ட் ஏன் நின்றது? இங்கே எழுத்தாளனின் கற்பனை வேலை செய்ய வேண்டிய இடம்.

(அ) அணில். "பசித்த அணிலொன்று வயரைக் கடித்து —" கடித்த வயர் எப்படித் தானாக ஒட்டிக்கொண்டது என்று அக்கா கேட்பாள்.

(ஆ) மழை. அன்று மழை இல்லை. காட்டுக்குப் போன நாற்பது பேரும் சாட்சி.

(இ) "பெட்டிக்குக் காவலாக ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். அவர் சற்றே மறதிக்காரர். நல்லவர், இலக்கிய ஆர்வம் மிக்கவர், ஆனால் சூழ்நிலையின் —"

இந்த 'அவர்' எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இவருக்காக ஒன்றரைப் பக்கம் செலவழித்தேன். பாவம் செய்தவனைப் படர்க்கையில் எழுதினால் எவ்வளவு மரியாதையாக வருகிறது பாருங்கள்.

மணி மூன்றேகால்.

5

நான்தான்.

ஆள் போதவில்லை என்று அக்காதான் என் பெயரைக் கொடுத்தாள். யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பி அண்ணன் காலையில் இடத்தைக் காட்டிவிட்டு, "பக்கத்துல உக்காருங்க, தொடாதீங்க, அவ்வளவுதான் வேலை" என்றார். இதை விடச் சுலபமான வேலையை என்னிடம் யாரும் கொடுத்ததில்லை.

இலைக் குவியலுக்குள் பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள், பவர் பேங்குக்கு. ஏழடி தள்ளி ஒரு மரத்தடியில் நான். முதல் அரை மணி நேரம் நல்ல பிள்ளையாக இருந்தேன். அப்புறம் இதைக் கதையாக எழுதலாமே என்று தோன்றியது. ஆமாம், இதே கதைதான். செல்போனில் ஆரம்பித்தேன்.

அக்கா வந்தாள். தலையில் இலை, முழங்காலில் ரத்தம். என்னைப் பார்க்கவேயில்லை, பெட்டியைத்தான் பார்த்தாள், பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை. பேசக் கூடாது என்று விதி. துளை போட்டாள், போகிற போக்கில் சுருட்டிய வரைபடத்தால் என் தலையில் ஒரு தட்டு, போயேவிட்டாள். எனக்குக் கை பரபரத்தது. இதை உடனே எழுத வேண்டும். செல்போனில் சார்ஜ் மூன்று சதவீதம்.

அப்போது ஒரு யோசனை வந்தது. பெட்டி ஐந்தில் ஒரு நிமிஷம்தானே பேசுகிறது, மற்ற நாலு நிமிஷம் அதற்கு எதற்குக் கரண்ட்? பேசாமல் இருப்பவனுக்கு எதற்குச் சோறு என்று கேட்கிற மாதிரியான புத்தி. அது பேசி முடித்ததும் கேபிளைப் பிடுங்கி என் செல்போனுக்குப் போட்டேன். அதன் முறை வருவதற்குச் சற்று முன்னால் மறக்காமல் திரும்ப மாட்டினேன். இந்த நேரம் தவறாமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. அதன் நிமிஷம் வந்தது, பேசும்போது மின்னும் சிவப்பு விளக்கு இப்போது மின்னவில்லை. கொஞ்சம் உதறல். மூன்று நிமிஷம் கழித்து மின்னியது. அப்பாடா, உயிர் இருக்கிறது என்று எழுதப் போய்விட்டேன்.

(இயங்கும்போது மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். இந்த வரியை இதுவரை நாற்பது இயந்திரங்களுக்காவது எழுதியிருப்பேன். யாரும் படிப்பதில்லை என்று சொன்னேன் இல்லையா? எழுதியவனும் சேர்த்திதான்.)

அந்தக் கரண்டில் நான் எழுதிய வாக்கியம் இது: "தன் வயதை எங்கோ ஒரு கிளையில் மாட்டிவிட்டு வந்தவள் போல அக்கா காட்டிலிருந்து வெளிப்பட்டாள்." படித்துப் பாருங்கள். சுமார்தான்.

கம்பி அண்ணன் கரண்ட் நின்று வந்த கதையைச் சொன்னபோது நான் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தேன். அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்திருக்கலாம். குனிந்து செருப்பில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கினேன். அக்கா, "அப்படியா, என் தப்புதாண்ணே" என்றாள்.

6

முடிவுகள். கைவசம் மூன்று இருந்தன.

முதலாவது: பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதிக் கழகத்தின் கதவிடுக்கில் தள்ளிவிடுவது. மொட்டைக் கடிதத்தை யார் மதிப்பார்கள்? பெயர் போடாமல் அச்சான என் கதைக்கே யாரும் மதிப்புத் தரவில்லை.

இரண்டாவது: ஆறு மணியைத் தாண்ட விட்டு, அப்புறம் சொல்லி, அழுது, மன்னிப்புக் கேட்பது. கேட்க உருக்கமாக இருக்கும், அயோக்கியத்தனமாகவும் இருக்கும்.

மூன்றாவது: இயற்பியல் டீச்சர் நேர்மையாக ஜெயித்தவர், மறுபடி ஓடச் சொல்லி அவர் வெற்றியை ஏன் பறிக்க வேண்டும் என்று நியாயம் பேசுவது. இதை எழுதும்போது என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதிலிருந்தே இது பித்தலாட்டம் என்று தெரிந்துவிட்டது.

நாலாவதாக ஒன்றை யோசித்துக் —

7

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது, காரணம் அக்கா மாடிக்கு வந்துவிட்டாள். பேட்டரி டார்ச் கேட்டு வந்தவள் மேஜையில் தாள்களைப் பார்த்தாள். நான் எழுதுவதை எல்லாம் முதலில் படிக்கிறவள் அவள்தான், கேட்காமலே எடுப்பாள். எடுத்தாள். ஒளித்துவைக்க எனக்கு நேரம் இருந்தது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஒளிக்கவில்லை. இந்த ஏழு நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது, அதுவும் சும்மா இருந்ததால் நடந்தது.

நின்றபடியே படித்தாள். இரண்டாம் பகுதியில் லேசாகச் சிரித்தாள். ஐந்தாம் பகுதியை இரண்டு தடவை படித்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். அறைவாள் என்று காத்திருந்தேன், அறைந்திருந்தால் தேவலை.

"நான் நாலு தடவ பிரிச்சேன். நீ பாத்துட்டுதான் இருந்தியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"என் கைதான் போயிடுச்சுன்னு நெனச்சேன்டா. லேப்ல பொய் சொல்லி லீவு போட்டு, நடுக்கம் வந்துடுச்சான்னு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தேன். இந்தக் கை போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு, சொல்லு."

டாக்டரிடம் போனது எனக்குத் தெரியாது. ஒரு போட்டிதானே போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வாரமாகத் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு மற்றவர்களின் பல்லைச் செதுக்கியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. தாள்களைச் சீராக அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

"கதை நல்லாத்தான் இருக்கு. லெட்டர் எங்க?"

'ஐயா' என்று மட்டும் இருந்த தாளைக் காட்டினேன். அதை வாங்கிப் பார்த்தாள். தானே எழுதிவிடுவாள் என்று ஒரு நப்பாசை. பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டுக் கீழே போய்விட்டாள்.

8

ஐயா,

கடந்த ஞாயிற்றுக்கிழமை போட்டியின்போது நாலாம் பெட்டிக்குக் காவல் இருந்த நான், அதன் மின் இணைப்பை என் சொந்த உபயோகத்துக்காக ஒருமுறை துண்டித்தேன். பெட்டி நேரம் மாறிப் பேசியதற்கு அதுவே காரணம். பெட்டியைச் செய்தவரின் வேலையில் எந்தக் குறையும் இல்லை. விதிப்படி போட்டியை மறுபடி நடத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாலு வரி, அடியில் என் பெயர். ஒரு உவமை கூட இல்லை. நான் எழுதியதிலேயே இதுதான் உருப்படியானது என்று தோன்றுகிறது. இதையும் ஒருவர்தான் படிக்கப்போகிறார்.

மணி ஐந்து பத்து. கழகம் வரை நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும், அதனால் கதையை இங்கேயே உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். கம்பி அண்ணன் ஒத்துக்கொண்டாரா, இரண்டாம் பெட்டி அவளுக்குக் கிடைத்ததா, திரும்பி வரும்போது கதவைத் திறந்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், காட்டில் வழி தவற விட்டாலும் சரிதான். அவள் கையில் மட்டும் ஒரு குறையும் வைத்துவிடாதீர்கள்.